மாலை ஆறரைக்குக் கண் மூடும் கேமரா

ஆடி மாதத்து மாலை. அலுவலகம் முடிந்து எழும்பூரில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கும்போது கைப்பேசியை எடுத்து அம்மா வீட்டு வாசலைப் பார்ப்பேன். பாளையங்கோட்டையில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. வாசலைப் பார்த்தபடி ஒரு வைஃபை கேமரா. கம்பிக் கதவு, அதற்கு இப்பால் செம்பருத்திச் செடி, படியில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் பூனை. இவ்வளவுதான் தெரியும். இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும். கதவு சாத்தியிருக்கிறது, வாசல் விளக்கு எரிகிறது, அம்மா உள்ளே இருக்கிறார்.

அன்றைக்கு அந்தப் படம் வரவில்லை. கறுப்புத் திரை, நடுவில் ‘சாதனம் ஆஃப்லைன்’ என்று ஒரு வரி. அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை அவர் எடுப்பதற்குள் நான் ஏற வேண்டிய ரயில் வந்து போயிருந்தது.

“வெளக்கு ஏத்திட்டு இருந்தேன்யா. போன் உள்ள கெடந்துச்சு. என்ன, அந்தக் கேமரா மறுபடியும் படுத்துட்டோ?”

மறுபடியும்தான். தொடர்ந்து ஒன்பதாவது நாள். பகலெல்லாம் ஓடும். சாயங்காலம் ஆறரை வாக்கில் போய்விடும். மறுநாள் காலையில் யாரும் தொடாமலேயே திரும்பி வந்துவிடும். இருட்டில் பார்ப்பதற்கென்று வாங்கி வைத்த பொருள், இருட்டுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், துபாயில், சிங்கப்பூரில். ஊரில் அப்பாவும் அம்மாவும், அல்லது இருவரில் ஒருவர். சில வருடங்களுக்கு முன்பு வரை கேமரா என்றால் நகைக்கடை, வங்கி, பெரிய பங்களா. ஏ.கே.விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற திட்டத்தில் தெருத்தெருவாகக் கேமராக்கள் வந்தன. அதற்குப் பின் வைஃபை கேமராக்களின் விலை இறங்கி இறங்கி, ஒரு நல்ல மிக்ஸியைவிடக் குறைவான விலைக்கு வந்துவிட்டது. வாங்குவது சுலபமாகிவிட்டது. வாங்கியதை விடாமல் ஓட வைப்பதில்தான் எல்லாரும் திண்டாடுகிறோம்.

வாசலில் நிற்பது யார் என்று உள்ளிருந்தே தெரிய வேண்டும் என்ற தவிப்பு புதிதல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் இருந்தார். அவரும் கணவர் ஆல்பர்ட்டும் வெவ்வேறு நேரங்களில் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் பெரும்பாலும் தனியாக இருக்க வேண்டும். கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் பகுதி. கதவில் பல உயரங்களில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, உள்ளிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான் என்று கணவரோடு சேர்ந்து ஓர் ஏற்பாட்டை வடிவமைத்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. வீட்டுப் பாதுகாப்புக் கேமராக்களின் மூதாதை அதுதான். தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் இரவு பயத்திலிருந்து பிறந்த பொருள் இது என்பதை அறிந்த பிறகு, அம்மா வீட்டுக் கேமரா அணைவதை நான் சாதாரண மின்சாதனக் கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரீசெட்டை விடுங்கள்

கேமரா வரவில்லை என்றதும் நம் கை முதலில் போகும் இடம் ரீசெட் பட்டன். கடைக்காரர் சொல்வார், வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பையன் சொல்வான். ஐந்து, பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் கேமரா தன்னிடமிருந்த வைஃபை பெயர், பாஸ்வேர்ட், அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்து பிறந்த குழந்தையாகிவிடும். அதன்பிறகு யாராவது ஒருவர் வீட்டில் நின்று, கைப்பேசியில் செயலியைத் திறந்து, கியூ.ஆர். கோடைக் கேமராவின் முகத்துக்கு நேராகக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ரயில் நிலையத்தில் நிற்பவனால் அது முடியாது. 74 வயது அம்மாவை ஸ்டூலில் ஏறச் சொல்லவும் முடியாது. அதைவிட மோசம், கோளாறு வேறெங்கோ இருந்தால் ரீசெட் செய்தும் அது அப்படியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விடும்.

‘ஆஃப்லைன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழி இருக்கிறது. சுவர் பிளக்கிலிருந்து அடாப்டர், அடாப்டரிலிருந்து வயர் வழியே கேமரா, கேமராவிலிருந்து காற்றில் ரவுட்டர், ரவுட்டரிலிருந்து ஃபைபர் வழியே வெளி உலகம், அங்கே கேமரா கம்பெனியின் சர்வர், அங்கிருந்து நம் கைப்பேசி. இதில் எங்கே அறுந்தாலும் செயலி ஒரே வரியைத்தான் காட்டும். எங்கே அறுந்தது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாம்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கேமராவில் விளக்கு எரிகிறதா என்பது. எரியவில்லை என்றால் கரண்ட் பக்கம் கோளாறு. வைஃபையைத் தோண்டிப் பயனில்லை. எரிகிறது என்றால் அடுத்து, ரவுட்டரில் சிவப்பு விளக்கு இருக்கிறதா? பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளில் ‘லாஸ்’ என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் வெளியே ஃபைபரில் கோளாறு, நெட்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அதுவும் சரி, அம்மாவின் கைப்பேசியில் வைஃபை வழியாக வீடியோ ஓடுகிறது, கேமரா மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். நம் பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலக வைஃபையைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பல அலுவலக நெட்வொர்க்குகள் இந்தச் செயலிகளைத் தடுத்து வைத்திருக்கும்.

நான் இதையெல்லாம் கேட்டேன். விளக்கு எரிகிறதா என்று கேட்டதற்கு அம்மா, “எரியுது, பொறவு அணையுது, பொறவு எரியுது” என்றார். அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. எனக்குத்தான் அன்றைக்குக் காதில் ஏறவில்லை.

இரண்டு பாதை

கேமரா புதிதாக வாங்கும்போது பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. கைப்பேசிக்கு வைஃபை அருமையாகக் கிடைக்கிறது. கேமரா மட்டும் ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. பாஸ்வேர்டை நாலு முறை அடித்துப் பார்த்துவிட்டு, கேமராவே கோளாறு என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இன்றைய ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும். இரண்டரைக்குச் சற்று குறைந்தது வேகத்தில் பின்தங்கினாலும் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். நெட்காரர் வந்து வைக்கும் பெட்டியோ இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் காட்டுகிறது. கைப்பேசி ஐந்தில் உட்கார்ந்திருக்கும். கேமரா 2.4-இல் தேடும். சில கேமராக்கள் இந்தக் குழப்பத்தில் உள்ளே வரவே முடியாமல் நின்றுவிடும்.

ரவுட்டரின் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அது தெரியாது என்றால், நெட்காரரிடம் “டூ பாயின்ட் ஃபோர் தனிப் பெயர்ல வேணும்” என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள், புரிந்துகொள்வார். அல்லது விருந்தினர் வைஃபை என்று ஒன்றை 2.4-இல் மட்டும் திறந்து கேமராவை அதில் விடலாம். இது பாதுகாப்புக்கும் நல்லது.

அதிலும் தீரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள். கைப்பேசியில் கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? வைஃபையின் பெயரைப் படிக்கச் செயலிக்கு அது தேவை. ஐபோனில் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியும் வேண்டும். வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். வைஃபை பெயரிலோ பாஸ்வேர்டிலோ வித்தியாசமான குறிகள், இடைவெளிகள், தமிழ் எழுத்துகள் இருந்தால் சில கேமராக்கள் திணறும். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கேமரா அதை அறியாது, டபிள்யூ.பி.ஏ.2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

2.4-க்கு ஒரு நெருக்கடியும் உண்டு. 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்ட அலைவரிசைகளில் இதுவும் ஒன்று. அந்த அனுமதியின் மேல்தான் 1997-இல் வைஃபையின் முதல் தரநிலை எழுந்தது. உரிமம் வேண்டாம் என்பதால் எல்லாரும் அங்கேயே வந்து குவிந்தார்கள். புளூடூத் அங்கே, வயர்லெஸ் மவுஸ் அங்கே, மைக்ரோவேவ் அடுப்பு 2.45-இல். பக்கத்து வீட்டு ரவுட்டர், மாடி வீட்டு ரவுட்டர், எதிர்க் கடை ரவுட்டர் எல்லாம் அங்கேதான். இந்த அலைவரிசையில் ஒன்று, ஆறு, பதினொன்று என்ற மூன்று சேனல்கள் மட்டும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடும். நெருக்கமான அடுக்குமாடிகளில் கேமரா அடிக்கடி துண்டித்தால், தானியங்கித் தேர்வை விட்டு, இம்மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றை ரவுட்டரில் கையால் வைத்துப் பாருங்கள்.

பீரோ இடம் மாறிய கதை

ஒன்பது நாள் பொறுத்துவிட்டு, சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். எங்கள் வீடு தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம். வாசல், அதற்கு அடுத்து பட்டாசல் (கூடம்), அப்புறம் இரண்டு அறை, கடைசியில் அடுப்படி. ரவுட்டர் பட்டாசலில் டி.வி.க்குப் பக்கத்தில். கேமரா வாசல் சன்ஷேடுக்கு அடியில்.

உள்ளே நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. சமீபத்தில்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது அறையிலிருந்து வெளியே இழுத்த இரும்பு பீரோ திரும்ப உள்ளே போகவில்லை. பட்டாசலிலேயே, ரவுட்டருக்கும் வாசலுக்கும் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தது. இரும்புத் தகடு வைஃபையைத் தடுப்பது போல வீட்டில் வேறெதுவும் தடுக்காது. கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட், ரசம் பூசிய பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில் வரும். தண்ணீர் அலையை உறிஞ்சும். இரும்பு திருப்பி அடிக்கும்.

கேமரா பொருத்தித் தரும் தம்பி ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். வயது இருபத்தைந்து இருக்கும். வந்ததும் கேமராவைத் தொடவில்லை. தன் கைப்பேசியில் சிக்னல் அளக்கும் செயலியைத் திறந்து சன்ஷேடுக்குக் கீழே போய் நின்றார். மைனஸ் 78 என்று காட்டியது.

“மைனஸ் அறுபத்தஞ்சு, அறுபத்தேழு வரைக்கும் வீடியோ ஓடிரும் அண்ணாச்சி. எழுபதத் தாண்டுனா இழுக்கும். எண்பதுன்னா செத்துரும். இது சாகப் போற கேஸு.”

இந்த எண்கள் கழித்தல் குறியோடு வருவதால் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மூன்று கூடினால் சிக்னலின் வலு இரட்டிப்பு. பத்து கூடினால் பத்து மடங்கு. நாங்கள் மூவரும் சேர்ந்து பீரோவை அறைக்குள் தள்ளினோம். அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு “பாத்து, பாத்து, தரை கீறிரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரவுட்டரை டி.வி. பின்னாலிருந்து எடுத்து, சன்னலுக்கு மேல் ஆறடி உயரத்தில் ஆணியில் மாட்டினோம். மறுபடி அளந்தால் மைனஸ் 61. பதினேழு கூடியிருக்கிறது, கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு. ஒரு ரூபாய் செலவில்லை.

சிக்னல் குறைந்த வீடுகளில் எல்லாரும் முதலில் ரிப்பீட்டர் வாங்க ஓடுகிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அது செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடு வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு முன் ரவுட்டரைத் தரையிலிருந்தும் டி.வி. பின்னாலிருந்தும் எடுத்து உயரத்தில் வையுங்கள். ரவுட்டரை எங்கே வைப்பது என்று வயரின் நீளம் தீர்மானிக்க விடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. நெட்காரர் வரும் அன்று கூட நிற்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. கைப்பேசியில் வேகம் அளந்து நூறு வருகிறது என்று பார்ப்பது இறங்கும் வேகம். கேமரா படத்தை மேலே அனுப்புகிறது; அதற்கு வேண்டியது ஏறும் வேகம். முழு எச்.டி. தரத்துக்கு ஒரு கேமராவுக்கு விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட் வரை ஏறினால் போதும். ஃபைபர் இருக்கும் வீட்டில் இது பிரச்சினையே இல்லை. பழைய தொலைபேசிக் கம்பி வழி இணைப்போ, மொபைல் ஹாட்ஸ்பாட்டோ என்றால் படத் தரத்தை ஒரு படி குறைத்து வையுங்கள்.

படம் பளிச்சென்று வந்தது. பகல் முழுக்க ஒரு வெட்டுகூட இல்லை. வேலை முடிந்தது என்று அம்மா கையால் மதியச் சாப்பாடு, கூட்டாஞ்சோறு. சாயங்காலம் 6:40. கேமரா போய்விட்டது.

‘டிக்’ என்றொரு சத்தம்

அதுவரை நான் நினைத்திருந்தது இதுதான்: சாயங்காலம் தெருவில் எல்லாரும் வீட்டுக்கு வருகிறார்கள், எல்லா வீட்டிலும் நெட் ஓடுகிறது, நெருக்கடியில் நம் கேமரா தள்ளப்படுகிறது. பொருத்தமான காரணமாகத்தான் பட்டது. நெட் கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்து சண்டையும் போட்டிருந்தேன். லைன் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாதான் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னார். “புதன்கிழம சாரல் வந்து மூடிட்டு நின்னுச்சுல்லா, அன்னைக்கு ஆறு மணிக்கே போயிட்டு.”

அப்படியானால் அது மணியைப் பார்த்துப் போகவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறேகாலுக்கே சன்ஷேடுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தம்பியும் வந்துவிட்டார். செம்பருத்தியின் சிவப்பு மங்கி, தெரு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. 6:37-க்குக் கேமராவுக்குள் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம். பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க லென்ஸுக்குப் பின்னால் ஒரு வடிகட்டி நிற்கும். இருட்டியதும் அது விலகும் சத்தம் அது. அடுத்த நொடி லென்ஸைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளில் மங்கலான செந்நிறம் ஏறியது. இரவில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு (ஐ.ஆர்.) விளக்குகள். ஏறியதும் எல்லாம் மொத்தமாக அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்விளக்கு எரிந்தது, கேமரா உயிர் பெற்றது, ‘டிக்’, செந்நிறம், அணைவு. மறுபடியும். மறுபடியும். விடிய விடிய இதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறது. எரியுது, அணையுது, எரியுது என்று அம்மா சொன்னது இதைத்தான்.

தம்பி மேலே ஏறி வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். வெள்ளையடிக்கும்போது கேமராவைச் சன்னல் விளிம்பிலிருந்து சன்ஷேடுக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய வயர் எட்டவில்லை. கடையிலிருந்து ஒரு நீள யு.எஸ்.பி. வயர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். ஐந்து மீட்டர். நூடுல்ஸ் போல மெல்லியது.

“வயருக்குள்ள முடி மாதிரி செம்புதான் இருக்கும் அண்ணாச்சி. பகல்ல கேமரா கொஞ்சம்தான் இழுக்கும், தாங்கிரும். ராத்திரி ஐ.ஆர். எரிஞ்சா சேர்ந்து இழுக்கும்லா, அங்க வோல்ட் எறங்கிரும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த மாதிரி மெல்லிய செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. மின்சாரம் போகவும் வரவும் என்று பத்து மீட்டர், இரண்டு ஓமுக்கு மேல். அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். அடாப்டரில் ஐந்து வோல்ட் புறப்பட்டு, கேமராவுக்கு நான்கு வந்து சேரும். அதில் அது உயிரோடு இருக்க முடியாது. அணைந்து, மறுபடி எழுந்து, இருட்டைப் பார்த்து விளக்கை ஏற்றி, மறுபடி அணையும். விடிந்ததும் விளக்குத் தேவையில்லை, தானாக வந்துவிடும்.

வைஃபை கோளாறு என்று இத்தனை நாள் நாங்கள் தேடியது வைஃபையிலேயே இல்லை. செயலி சொன்னது பொய்யும் இல்லை. கேமராவுக்கு இணைப்பு அறுந்தது உண்மைதான். மறுநாள் காலையில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வாசல் விளக்குக்குப் போகும் லைனிலிருந்து சன்ஷேடுக்குப் பக்கத்தில், மழை படாத இடத்தில், மூடியுள்ள ஒரு பிளக் பாயின்ட் வைத்தோம். அடாப்டரை அங்கே மாட்டி, கேமராவோடு வந்த பழைய வயரையே போட்டாயிற்று. தூரமாகக் கொண்டுபோக வேண்டியது 230 வோல்ட். ஐந்து வோல்ட்டை நீளமாக இழுக்கக் கூடாது. இரவில் மட்டும் போகும் கேமரா உங்கள் வீட்டிலும் இருந்தால், ரவுட்டருக்குப் போவதற்கு முன் இந்த வயரைப் பாருங்கள். கேமராவோடு வந்த அடாப்டரை விட்டுவிட்டு பழைய கைப்பேசி சார்ஜரைப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

கரண்ட் போய் வந்த பிறகு

தம்பியிடம் டீ குடித்துக்கொண்டே கேட்டேன், அவருக்கு அதிகம் வரும் அழைப்பு எது என்று. யோசிக்காமல் சொன்னார்: “நெட்காரங்க பெட்டிய மாத்திருவாங்க. புதுப் பேரு, புது பாஸ்வேர்ட். வீட்ல இருக்க கேமரா அம்புட்டும் போச்சும்பாங்க.”

இதற்கான வழி மிக எளிது, ஆனால் யாரும் சொல்வதில்லை. புதிய ரவுட்டர் வந்தால் அதில் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட. கேமராக்கள் ரவுட்டர் மாறியதே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது மின்வெட்டு. கரண்ட் வந்ததும் கேமரா சீக்கிரம் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து ஃபைபரைப் பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். பொறுமையில்லாத சில கேமராக்கள் அதற்குள் தேடிச் சலித்து நின்றுவிடும். கேமராவின் பிளக்கை மட்டும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் சரியாகும். ரவுட்டருக்கென்றே கையடக்கமான 12 வோல்ட் யு.பி.எஸ். கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டுவது நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் செலவு.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது, 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். மின்வெட்டுக்குப் பின் ஒரே எண் இரண்டு கருவிகளிடம் சிக்கிக்கொள்வதும் உண்டு. ரவுட்டர் அமைப்பில் கேமராவுக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டால் இது தீரும். கேமராவில் ஒரு எஸ்டி கார்டும் போட்டு வையுங்கள். விடாமல் எழுதித் தாங்குவதற்கென்றே செய்த கார்டாக இருக்கட்டும். நெட் போனாலும் பதிவு கார்டில் ஓடிக்கொண்டிருக்கும், இணைப்பு வந்ததும் பின்னோக்கிப் பார்க்கலாம்.

கேமரா வராத எரிச்சலில் நாம் செய்யும் சில காரியங்கள் எனக்குப் பயம் தருகின்றன. பாஸ்வேர்ட் ஒத்துவரவில்லை என்று வைஃபையையே திறந்து போடுகிறார்கள். பொருத்த வந்தவர் வைத்த ‘அட்மின்’, ‘12345’ அப்படியே கிடக்கிறது. வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு மறந்துபோகிறார்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளின் சின்னப் பட்டியல் ஒன்று, அறுபதுக்குச் சற்று மேல், அதை வைத்தே உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, இணையதளங்களின் முகவரிகளைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. இந்திய அரசும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனை தாண்டியே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதியை 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. விதி வந்தது நல்லது. பாஸ்வேர்டை மாற்றுவது நம் வேலை.

நான் அம்மா வீட்டில் வாசலைத் தவிர வேறெங்கும் கேமரா வைக்கவில்லை. பட்டாசலிலும் ஒன்று வை என்று தங்கை சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். வேண்டாம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வைஃபை கேமராவை நம்பாதீர்கள். சுவரில் குழாய் பதிக்கும்போதே கேமரா வரும் இடங்களுக்கு நெட்வொர்க் வயர் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை போகும். அந்த ஒரே வயரில் மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003-லேயே தரநிலையாகிவிட்டது. அடாப்டர் வேண்டாம், பீரோ எங்கே நின்றாலும் கவலையில்லை, வைஃபை அலையைக் குழப்பி முடக்கும் திருட்டு வேலையும் அதனிடம் பலிக்காது. நிலையாக நிற்கும் ஒரு பொருளுக்குக் காற்றுவழி இணைப்பு என்பது வேறு வழியில்லாதபோது மட்டும்தான். எங்கள் சுண்ணாம்புச் சுவரை இடிக்க மனமில்லாததால் நாங்கள் வைஃபையில் இருக்கிறோம்.

கிளம்புவதற்கு முன் ரவுட்டரின் பெயர், பாஸ்வேர்ட், நெட்காரர் எண், எந்த விளக்கு என்ன நிறம் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஓர் இரவு, எட்டரை மணி. நான் கைப்பேசியைத் திறக்கும் முன்பே அம்மாவிடமிருந்து போன்.

“ஏய்யா, கேமரா வராது, பயந்துராத. வாசல்ல வெளக்கு எரியுது, கேமராவுலயும் எரியுது. பட்டாசல் பெட்டியிலதான் சிவப்பு. தெக்குத் தெருவுல ரோடு தோண்டுறாங்கல்லா, வயர அறுத்துட்டாங்க போல. நெட்காரத் தம்பிட்ட சொல்லிட்டேன், காலைல வாரேன்னான். நீ சாப்டியா?”